பீக்கரில் கரைந்த நிக்கல் கைக்கு வருமா?

உங்கள் கேள்வியை முதலில் நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்லிவிடுகிறேன். மூடிக்கிடக்கும் சுரங்கம் ஒன்றின் டெய்லிங்ஸ் குளத்திலிருந்து, அதாவது தாதுவை அரைத்து வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிய இடத்திலிருந்து, ஒரு மாதிரி எடுத்திருக்கிறீர்கள். நிக்கல் 0.25 சதவீதம், கோபால்ட் 0.02 சதவீதம் என்று ஆய்வகம் சொன்னது. 10 கிராம் தூளை 200 மில்லி 10 சதவீத கந்தக அமிலத்தில் போட்டு, 80 டிகிரியில் ஆறு மணி நேரம் கலக்கினீர்கள். கரைசல் பச்சையாயிற்று, அழுகிய முட்டை வாடை லேசாக வந்தது, நிக்கலில் 80 சதவீதம் கரைந்திருந்தது. லட்சக்கணக்கான டன் இப்படிச் சும்மா கிடக்கும்போது ஏன் யாரும் எடுப்பதில்லை, பாக்டீரியாவை வைத்துச் செய்தால் மலிவாக முடியாதா என்று கேட்கிறீர்கள்.

நிக்கல் கரையுமா என்பதற்கு உங்கள் சோதனையே விடை சொல்லிவிட்டது. நீங்கள் உண்மையில் கேட்பது, கரைந்ததைக் கட்டுப்படியாகும்படி திரும்ப எடுக்க முடியுமா என்று. முதல் கேள்விக்கு ஆமாம் என்று விடை வந்தால் இரண்டாவதற்கும் பாதி விடை கிடைத்த மாதிரி தோன்றும். இருபது வருடத்துக்கு மேல் கரைசல் வழி உலோகப் பிரித்தெடுப்பில், பாதி நாள் ஆய்வகத்திலும் பாதி நாள் சோதனை ஆலையிலும் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பத்தில் ஒரு பங்குகூட விடை கிடைத்திருக்காது.

முதலில் அந்த வாடை. அது ஹைட்ரஜன் சல்பைடு. விளையாட்டில்லை. கொஞ்சமாக இருக்கும்போது மூக்கைத் துளைக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது, அடுத்து ஆள் விழுவார். வாடை நின்றுவிட்டது, இனி பயமில்லை என்று நினைப்பதுதான் இதில் ஆபத்து. இனிமேல் வாயுவை வெளியே இழுக்கும் ஆய்வகக் கூண்டு (ஃப்யூம் ஹுட்) இல்லாமலோ, தனியாக இருக்கும்போதோ, இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். ஆனால் அந்த வாடை ஒரு நல்ல துப்பும் கொடுக்கிறது. அமிலம் பட்டவுடன் இப்படி வாயு விடும் சல்பைடு ஒன்று உங்கள் தூளில் இருக்கிறது. நிக்கல் சுரங்கக் கழிவு என்றால் அது பெரும்பாலும் பைரோட்டைட்டாக இருக்கும், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். பைரைட் என்ற இன்னொரு இரும்புச் சல்பைடாக மட்டும் இருந்திருந்தால் இந்த அமிலத்தில் அது அசைந்தே கொடுத்திருக்காது.

அப்புறம் அந்தப் பச்சை. நிக்கல் உப்பு பச்சைதான், ஆனால் நீங்கள் பார்த்த பச்சை நிக்கல் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 கிராமில் 0.25 சதவீதம் என்றால் 25 மில்லிகிராம். அதில் 80 சதவீதம் 20 மில்லிகிராம். 200 மில்லியில் அது பரவினால் லிட்டருக்கு 0.1 கிராம். அந்த அளவில் நிக்கல் கரைசல் கண்ணுக்குத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். நீங்கள் பார்த்தது இரும்பு, அதுவும் ஃபெரஸ் நிலையில், அதாவது இரண்டு எலக்ட்ரான் இழந்த நிலையில் உள்ள இரும்பு. அதுவும் வெளிர் பச்சை. சந்தேகம் இருந்தால் கரைசலில் கொஞ்சம் எடுத்து, நீர் சேர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடு சில சொட்டு விடுங்கள். பச்சை போய் மஞ்சள் பழுப்பு வரும். நிக்கலாக இருந்தால் பெராக்சைடுக்கு நிறம் மாறாது. எங்களிடம் புதிதாகச் சேரும் பிள்ளைகளில் பாதிப் பேர் முதல் வாரத்தில் இந்தப் பச்சையைப் பார்த்துத்தான் துள்ளுவார்கள். நானும் துள்ளியவன்தான்.

இப்போது அதே சோதனையை அமிலத்தின் பக்கமிருந்து பாருங்கள். 200 மில்லி 10 சதவீத அமிலத்தில் சுமார் 21 கிராம் கந்தக அமிலம் இருக்கிறது. 10 கிராம் தூளுக்கு 21 கிராம் அமிலம். அதாவது டன்னுக்கு இரண்டு டன்னுக்கு மேல் அமிலம் ஊற்றி, இரண்டு கிலோ நிக்கலைக் கரைத்திருக்கிறீர்கள். ஊற்றிய அமிலம் எல்லாம் செலவாகியிருக்காது என்பது சரி. எவ்வளவு மிஞ்சியது என்று நீங்கள் அளந்து பார்க்கவில்லை. அடுத்த முறை அளக்க வேண்டிய முதல் எண் அதுதான். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: லேட்டரைட் தாதுவை, அதாவது பாறை மக்கி உண்டான இரும்புச் செம்மண்ணை, அழுத்தக் கொள்கலனில் அமிலத்தோடு வேகவைக்கும் ஆலைகளில் டன்னுக்கு 250 முதல் 400 கிலோ அமிலம் போகும். தாதுவில் நிக்கல் 1.2 சதவீதம், மீட்பு 95 சதவீதம், அமிலம் 350 கிலோ என்று வைத்தால் கிலோ நிக்கலுக்கு ஏறக்குறைய 30 கிலோ அமிலம். அந்த ஆலைகளே பல சமயம் மூச்சுத் திணறித்தான் ஓடுகின்றன. உங்கள் பீக்கரில் ஊற்றியது கிலோ நிக்கலுக்கு ஒரு டன்.

இவ்வளவு அமிலத்தைக் குடிப்பது யார் என்பதில்தான் இந்தத் தொழிலே இருக்கிறது. நிக்கல் குடிப்பது சொற்பம். செர்பென்டைன் என்ற மக்னீசியம் சிலிகேட் ஒரு டன் முழுக்கக் கரைய ஏறத்தாழ ஒரு டன் கந்தக அமிலம் வேண்டும். கால்சைட்டுக்கும் அதே அளவு. கூடவே அது 1.7 டன் ஜிப்சமாக மாறி, போகும் வழியையெல்லாம் அடைக்கும். பைரோட்டைட்டும் தன் எடைக்குச் சற்று மேலேயே அமிலம் கேட்கும். நிக்கல் கழிவுகளில் இந்த மூன்றில் ஒன்றாவது தாராளமாக இருக்கும். ஆகவே ஒரு கழிவைப் பற்றி என்னிடம் யாராவது சொன்னால், நிக்கல் எத்தனை சதவீதம் என்பதை நான் கடைசியில்தான் கேட்பேன். நிக்கல் எந்தக் கனிமத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது, அதோடு சேர்ந்து வேறு என்னவெல்லாம் கரையும் என்பதே முதல் இரண்டு கேள்வி.

அந்த முதல் கேள்வியை உங்கள் ஆய்வக அறிக்கை தொடவே இல்லை. நான்கு அமிலம் போட்டு முழுதாகக் கரைத்து அளந்த மொத்த நிக்கல் அது. ஒரு டெய்லிங்ஸ் குளத்தில் நிக்கல் குறைந்தது நான்கு வேஷத்தில் இருக்கலாம். பென்ட்லாண்டைட் என்ற நல்ல நிக்கல் சல்பைடு, நுரை மிதப்பில், அதாவது வேண்டிய கனிமத்தைக் காற்றுக் குமிழியில் ஒட்டவைத்து மிதக்கவிட்டு எடுக்கும் முறையில், தப்பிய பொடித் துகளாகவோ வேறு கனிமத்துக்குள் சிக்கிய துணுக்காகவோ இருக்கும். பைரோட்டைட்டின் படிகத்துக்குள்ளேயே இரும்பின் இடத்தில் நிக்கல் உட்கார்ந்திருக்கும். கனடாவின் சட்பரியில் பைரோட்டைட்டைத் தனியே பிரித்துக் கொட்டிவைத்த கழிவுகள் இந்த வகை, அந்தக் கனிமத்தில் அரை முதல் ஒரு சதவீதம் வரை நிக்கல் உண்டு. ஆலிவின், செர்பென்டைன் போன்ற சிலிகேட்டுக்குள் 0.2, 0.3 சதவீதம் நிக்கல் பிறந்ததிலிருந்தே இருக்கும். அதை எந்த மிதப்பு முறையும் எடுக்காது. கடைசியாக, பல வருட மழையில் சல்பைடு தானே துருப்பிடித்து, நிக்கல் சல்பேட்டாக ஈரத்தில் கரைந்து நிற்கும். உங்கள் 0.25 சதவீதத்தில் 0.2 சிலிகேட்டில் இருந்தால், கதை அங்கேயே முடிந்தது. அந்த நிக்கலை எடுக்கக் கல்லையே கரைக்க வேண்டும். 80 டிகிரியில் 10 சதவீத அமிலம் செர்பென்டைனை நன்றாகவே கரைக்கும் என்பதால், உங்கள் 80 சதவீதம் அங்கிருந்துகூட வந்திருக்கலாம்.

இதைப் பிரித்தறிய வழி இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. அம்மோனியம் சிட்ரேட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த கரைசல் சல்பைடில் உள்ள நிக்கலைக் கரைக்கும், சிலிகேட்டைப் பெரும்பாலும் தொடாது. நிக்கல் தேடும் நிறுவனங்கள் வழக்கமாகவே இந்த அளவையும் கேட்டு வாங்கும். மொத்த நிக்கல், சல்பைடு நிக்கல் என்று இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாதி குழப்பம் தீரும். கூடவே ஒரு காந்தத்தைத் தாளில் சுற்றி, நீரில் கலக்கிய தூளுக்குள் விட்டுப் பாருங்கள். ஒட்டுவது மேக்னடைட் என்ற காந்த இரும்பு ஆக்சைடாக இருக்கலாம், பைரோட்டைட்டின் ஒரு வகையாகவும் இருக்கலாம். பைரோட்டைட்டில் ஒரு படிக வகை காந்தத்துக்கு ஒட்டும், இன்னொன்று ஒட்டாது. ஒட்டியதைத் தனியே எடுத்து நிக்கல் பார்த்தால், அமிலத்தைத் திறக்கும் முன்பே சரக்கைச் சுருக்க முடியுமா என்று தெரியும். நூறு டன்னைக் கரைப்பதற்குப் பதில் பத்து டன்னைக் கரைக்க முடிந்தால் அதற்கு ஈடான லாபம் வேறு எந்த ரசாயனத்திலும் கிடையாது.

சரி, பாக்டீரியா. இதைப் பற்றி நிலவும் படம் கொஞ்சம் தப்பு. பாக்டீரியா நிக்கலைத் தின்பதில்லை, துப்புவதுமில்லை. 1947-இல் கோல்மர், ஹிங்கிள் என்ற இருவர் நிலக்கரிச் சுரங்கத்து அமில நீரில் நுண்ணுயிர்களின் பங்கைக் காட்டினார்கள். இன்று அசிடிதயோபேசில்லஸ் ஃபெரோஆக்சிடான்ஸ் என்று அழைக்கப்படும் அந்த உயிரி, ஃபெரஸ் இரும்பிலிருந்து இன்னொரு எலக்ட்ரானைப் பிடுங்கி ஃபெரிக் இரும்பாக மாற்றி அதில் கிடைக்கும் சக்தியில் பிழைக்கிறது. ஃபெரிக் இரும்புதான் சல்பைடைத் தாக்குகிறது; தாக்கி முடித்ததும் மறுபடி ஃபெரஸ் ஆகிவிடுகிறது; பாக்டீரியா அதை மீண்டும் ஃபெரிக் ஆக்குகிறது. கத்தி மழுங்க மழுங்கச் சாணை பிடித்துக் கொடுக்கும் ஆள் மாதிரி. இதற்குக் காற்று வேண்டும், பி.எச். 1.5-லிருந்து 2-க்குள் இருக்க வேண்டும், கொஞ்சம் அம்மோனியமும் பாஸ்பேட்டும் வேண்டும், உப்புத் தண்ணீர் கூடாது. முக்கியமாக, சல்பைடு வேண்டும். சிலிகேட்டில் உள்ள நிக்கலை இந்த உயிரி ஒன்றும் செய்யாது. பைரைட் இருந்தால் அது கந்தக அமிலத்தைத் தானே உற்பத்தி செய்து கொடுக்கும். அமிலச் செலவு அந்த அளவுக்கு மிச்சம். பாக்டீரியா முறை மலிவு என்று சொல்வதில் உண்மை இருப்பது இந்த இடத்தில்தான்.

இது நடக்கும் என்பதற்குச் சான்று உண்டு. உகாண்டாவில் கிலெம்பே செம்புச் சுரங்கம் மூடியபோது, பிரித்துப் போட்ட பைரைட் ஏறக்குறைய 10 லட்சம் டன் கசேசே என்ற ஊரில் குவிந்து கிடந்தது. அதில் கோபால்ட் 1.38 சதவீதம், பைரைட்டின் படிகத்துக்குள்ளேயே. மழையில் அது அமிலமாக வழிந்து, பக்கத்துத் தேசியப் பூங்கா வரை செடிகொடிகளைக் கருக்கியது. 1999-இல் அங்கே பெரிய தொட்டிகளில் பாக்டீரியாவை வைத்து அந்தப் பைரைட்டைக் கரைத்து, கோபால்ட் உலோகமாகவே எடுத்தார்கள். கோபால்ட்டும் கிடைத்தது, விஷக் குவியலும் குறைந்தது. இதைச் சொல்லும்போது பலரும் விட்டுவிடும் ஒன்று, 1.38 சதவீதம் என்பது உங்கள் கோபால்ட் எண்ணைப்போல் எழுபது மடங்கு என்பது. அது பெயருக்குத்தான் கழிவு. அந்தப் பைரைட்டை ஏற்கெனவே மிதப்பு முறையில் பிரித்துத் தனியே வைத்துவிட்டார்கள், பாதி வேலை அப்போதே முடிந்திருந்தது.

உங்கள் எண்ணுக்குக் கிட்டத்தில் வரும் உதாரணம் பின்லாந்தின் சொட்கமோ. தல்விவாரா என்ற பெயரில் 2008-இல் உற்பத்தி தொடங்கி, 2015 முதல் டெராஃபேம் என்ற அரசுப் பங்குள்ள நிறுவனம் நடத்துவது. கரும்பலகைக் கல் போன்ற பாறையில் நிக்கல் கால் சதவீதம்தான், கோபால்ட் 0.02 சதவீதம். அப்படியே உங்கள் அறிக்கை. பாறையை உடைத்து, அமிலத்தோடு உருட்டி, எட்டு மீட்டர் உயரக் குவியலாக அடுக்கி, அடியில் காற்று ஊதி, மேலே கரைசல் சொட்டவிடுகிறார்கள். பைரோட்டைட் துருப்பிடிக்கும் சூட்டில், வெளியே பனி கொட்டும்போதும் குவியலுக்குள் 50 டிகிரிக்கு மேல் இருக்கும். முதல் குவியலில் ஒரு வருடத்துக்கு மேல், பிறகு இன்னொரு இடத்துக்கு மாற்றி மேலும் சில வருடம். நிக்கலோடு துத்தநாகமும் செம்பும் வருவதால்தான் கணக்கு ஓடுகிறது. அங்கேயும் 2012 நவம்பரில் ஜிப்சக் குளம் உடைந்து கசிந்தது, 2014-இல் பழைய நிறுவனம் திவாலானது. அவர்களை அதிகம் வாட்டியது பாக்டீரியா வேலை செய்யுமா என்ற கவலை கிடையாது. எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்து சேர்ந்த மழைநீரை எங்கே வைப்பது என்பதுதான்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. சொட்கமோவில் இருப்பது ஜல்லி, உங்களிடம் இருப்பது மாவு. டெய்லிங்ஸின் பெரிய சௌகரியம் ஏற்கெனவே அரைத்திருக்கிறது, சுரங்கம் தோண்டும் செலவில்லை என்பது. பெரிய தொந்தரவும் அதே அரைப்புதான். மாவைக் குவித்து மேலே கரைசலை விட்டால் இறங்காது. பல வருடத்துக்கு முன் ஒரு கழிவை ஆளுயரக் குழாய்களில் நிரப்பிச் சோதித்தோம். பாட்டிலில் உருட்டிய சோதனை 85 சதவீதம் கொடுத்திருந்தது, அந்தத் தைரியத்தில் பசை சேர்த்து உருண்டையாக்கும் வேலையை அரைகுறையாகச் செய்தோம். நாற்பதாவது நாள் வாக்கில் ஒரு குழாயின் மேலே கரைசல் கிண்ணத்தில் ஊற்றிய மாதிரி தேங்கி நின்றது. அடியில் சொட்டுக்கூட இல்லை. குழாயை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தபோது நடுவில் விரற்கடை கனத்துக்கு வெள்ளை ஜிப்சப் பட்டை, அதற்கு மேல் களி மாதிரி நுண்தூள், அதற்குக் கீழே கரைசல் தொடவே தொடாத சாம்பல் நிறத் தூள், போட்ட அன்று இருந்ததுபோலவே. மொத்த மீட்பு 35 சதவீதத்தைத் தாண்டவில்லை. அந்த அறுத்த குழாயின் புகைப்படம் இன்னும் என் மேஜைக்கு மேல் இருக்கிறது.

கழிவு சல்பைடு வகை இல்லாமல் லேட்டரைட் வகையாக இருந்தால் மேலே சொன்னதெல்லாம் மாறும். வாடை வந்ததால் உங்களுடையது அப்படி இருக்காது, ஆனாலும் இதைப் படிக்கும் வேறு சிலருக்கு உதவும். லிமோனைட் என்ற இரும்பு மிகுந்த லேட்டரைட் மண்ணில் நிக்கல் கோதைட் என்ற இரும்பு ஆக்சைடுக்குள் அணு அணுவாகப் பரவியிருக்கும். ஒடிசாவின் சுகிந்தாவில் குரோமைட் என்ற குரோமியத் தாதுவுக்காகத் தள்ளிப்போட்ட மேல்மண் இந்த வகை. தனியே ஒரு நிக்கல் கனிமம் இல்லாததால் மிதப்பாலும் காந்தத்தாலும் சுருக்க முடியாது, எல்லாவற்றையும் கரைத்தே ஆக வேண்டும். 1959-இல் கியூபாவின் மோவாவில் தொடங்கிய அழுத்த அமில முறையின் அழகு, 250 டிகிரியில் கோதைட் கரைந்து நிக்கலை விட்டதும் இரும்பு ஹெமடைட்டாக மறுபடி படிந்து, பிடித்த அமிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. கோபால்ட்டின் இருப்பிடம் வேறு. அது பெரும்பாலும் மாங்கனீசு ஆக்சைடுக்குள் இருக்கும். அதற்குச் சூடு வேண்டாம், கந்தக டைஆக்சைடு போன்ற ஒடுக்கி, அதாவது எலக்ட்ரான் கொடுக்கும் பொருள், ஒன்று போதும். மாங்கனீசு கரையும்போது கோபால்ட் தானே வெளியே வரும். காங்கோவின் கொல்வேசியில் பழைய செம்புக் கழிவிலிருந்து கோபால்ட் எடுப்பதிலும் இதே ஒடுக்கும் தந்திரம்தான், கனிமம் மட்டும் வேறு. அங்கே கழிவில் கோபால்ட் 0.3 சதவீதத்தை ஒட்டி, செம்பு அதைவிடப் பல மடங்கு. செம்பு முதுகில் ஏறித்தான் கோபால்ட் வெளியே வருகிறது. கோபால்ட் எப்போதுமே அப்படித்தான். அதற்காகவே தோண்டும் சுரங்கம் என்று சொல்ல மொராக்கோவின் பூ அசேர் போல ஒன்றிரண்டுதான் உண்டு.

எது உறுதி, எது ஆட்டம் காணும் என்றும் சொல்ல வேண்டும். கனிமம்தான் விதியைத் தீர்மானிக்கும், அமிலச் செலவை அளக்காத மீட்பு சதவீதத்துக்கு மதிப்பில்லை, சல்பைடு கழிவைப் பாக்டீரியா கரைக்கும்: இவை உறுதி. காற்றில்லாத தொட்டியில் கந்தகத்தை உணவாகக் கொடுத்தால் அதே பாக்டீரியா கோதைட்டை 30 டிகிரியிலேயே ஒடுக்கிக் கரைக்கும் என்பதும் ஆய்வகத்தில் காட்டப்பட்ட உண்மை, அழகான வேலை. அது டன் கணக்கில் ஓடும்போதும் அப்படியே நடக்கும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன். பூஞ்சைக் காளானை வைத்து, அது சுரக்கும் சிட்ரிக் அமிலத்தில் நிக்கலைக் கரைக்கும் கட்டுரைகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. 2 சதவீதம் தூள், மிச்சம் திரவம், லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை, ஒரு மாதம் என்று இருக்கும். அந்தக் கணக்கில் ஒரு டன் தூளுக்கு ஐந்து டன் சர்க்கரை வேண்டும். சில கிலோ நிக்கலுக்காக. கட்டுரையின் முகப்பில் மீட்பு சதவீதம் மட்டும் பளிச்சென்று இருக்கும், சர்க்கரை கடைசிப் பக்கத்து அட்டவணையில் இருக்கும். செடிகளை வைத்து நிக்கல் அறுவடை செய்வதையும் கேட்பார்கள். நியூ கலிடோனியாவில் ஒரு மரத்தின் பால் நீலப் பச்சையாக ஒழுகும், காய்ந்தால் அதில் 25 சதவீதம் வரை நிக்கல். வியப்புதான். ஆனால் உங்கள் குளத்தின் அடியாழத்துக்கு எந்த வேரும் போகாது.

இன்னும் பாதி வேலையைப் பற்றிப் பேசவே இல்லை: கரைந்ததை வெளியே எடுப்பது. தொட்டியில் சற்றுக் கெட்டியாகக் கலக்கினால், லிட்டருக்கு அரை கிராம் நிக்கல், 15, 20 கிராம் இரும்பு, கொஞ்சம் அலுமினியம், நிறைய மக்னீசியம், 50 மில்லிகிராம்கூட இல்லாத கோபால்ட் என்று ஒரு கலவை கையில் நிற்கும். முதலில் இரும்பை ஃபெரிக் ஆக்கி, சுண்ணாம்புக்கல் போட்டு பி.எச். 3, 3.5-க்கு ஏற்றி வீழ்த்த வேண்டும். வேகமாக ஏற்றினால் இரும்பு களிம்பாக விழும், வடிகட்டியில் நிற்காது, போகும்போது நிக்கலையும் கட்டிக்கொண்டு போகும். நிதானமாக, சூடாக, முன்பு விழுந்த சேற்றில் கொஞ்சத்தை விதையாகத் திருப்பிப் போட்டுச் செய்தால் நன்றாக விழும். பிறகு இன்னும் கொஞ்சம் ஏற்றி அலுமினியம். அதன் பிறகு மக்னீசியாவை (மக்னீசியம் ஆக்சைடு) போட்டு நிக்கலையும் கோபால்ட்டையும் ஹைட்ராக்சைடாக ஒன்றாக வீழ்த்தலாம். மாங்கனீசு பின்னாலேயே வந்து ஒட்டும், அது இந்த வழியின் சாபம். ஹைட்ரஜன் சல்பைடு செலுத்திச் சல்பைடாக வீழ்த்தினால் சுத்தமாக வரும், வாயுவோடு வாழப் பழக வேண்டும். இவ்வளவு நீர்த்த கரைசலுக்கு அயனிப் பரிமாற்ற ரெசின், அதாவது கரைசலிலிருந்து உலோக அயனியைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் மணிகள்தான் நியாயமான தேர்வு என்று எனக்குப் படுகிறது, ஃபெரிக்கைவிட நிக்கலை விரும்பும் ரெசின்கள் இருக்கின்றன, விலைதான் உறுத்தும். நிக்கலையும் கோபால்ட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது பழைய காலத்துத் தலைவலி. எண்ணெயில் கலந்து கரைசலோடு குலுக்கும் சயனெக்ஸ் 272 போன்ற பிரிப்பான்கள் வந்த பிறகு அது தீர்ந்த விஷயம். கோபால்ட் குறைந்த பி.எச்.-இலேயே எண்ணெய்க்கு ஏறிவிடும், நிக்கல் நீரிலேயே நிற்கும்.

இத்தனையும் முடிந்த பின் கையில் இரண்டு கிலோ நிக்கலும், ஏற்கெனவே இருந்ததைவிடக் கனமான ஒரு குவியல் ஜிப்சமும் இரும்புச் சேறும் கலந்த கழிவும் இருக்கும். அதற்கும் ஒரு குளம் வேண்டும். ஏன் யாரும் எடுப்பதில்லை என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த சுருக்கமான விடை அந்த இரண்டாவது குளம். இருந்தும் சில இடங்களில் செய்யத் தகுந்த காரணம் உண்டு. குளமே அமில நீரைக் கசியவிட்டு, அதைக் காலத்துக்கும் சுத்திகரிக்க வேண்டிய நிலை இருந்தால், சல்பைடை மிதப்பு முறையில் பிரித்து எடுத்துவிடுவது அந்தச் செலவைக் குறைக்கும். அப்போது நிக்கல் முழுச் செலவையும் தூக்க வேண்டியதில்லை, பாதி தூக்கினால் போதும். நான் பார்த்தவற்றில் தேறுகிற திட்டங்கள் எல்லாம் இந்த ஜாதிதான். உங்கள் குளம் அப்படிப்பட்டதா என்பதை இரண்டு எண்களையும் ஒரு வாடையையும் வைத்து யாராலும் சொல்ல முடியாது.

ஒரு எச்சரிக்கை. மேலும் மாதிரி எடுக்கக் குளத்துக்குள் இறங்காதீர்கள், கரையைத் தோண்டாதீர்கள். மேலே காய்ந்து வெடித்திருக்கும் டெய்லிங்ஸ் ஒரு ஆள் ஆழத்தில் இன்னும் கூழாகவே இருக்கும். அதிர்ந்தால் அணையே திரவம்போல் ஓடும். துளையிட்டு மாதிரி எடுப்பதை அணைப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் செய்ய வேண்டும். மேலாக அள்ளிய ஒரு கைப்பிடி முழுக் குளத்தையும் காட்டாது என்பதும் தெரிந்திருக்கும். கரையோரம் மணல், நடுவில் களி, மேல் ஒரு மீட்டர் துருப்பிடித்தது, கீழே புதிதுபோல் இருப்பது என்று ஒவ்வொன்றிலும் நிக்கல் வேறு.

அதற்கு முன்னால், இருக்கிற மாதிரியிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். அமிலம் வேண்டாம். 50 கிராம் தூளை வெறும் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் குலுக்கி வடிகட்டுங்கள். வடிநீரின் பி.எச். குறித்துக்கொள்ளுங்கள். அதில் சில மில்லி எடுத்து இரண்டு சொட்டு பெராக்சைடு விட்டு, சிட்ரேட் கொஞ்சம் சேர்த்து, அம்மோனியா ஊற்றிக் காரமாக்கி, டைமெத்தில்கிளையாக்சிம் கரைசலைச் சொட்டுங்கள். 1905-இல் ரஷ்ய வேதியியலாளர் சுகாயெவ் கண்டுபிடித்த நிக்கல் சோதனை, இன்றும் இதைவிடக் கண்ணுக்கு இனியது எங்கள் தொழிலில் இல்லை. பெராக்சைடையும் சிட்ரேட்டையும் விட்டுவிடாதீர்கள். ஃபெரஸ் இரும்பும் இதோடு சிவப்புக் காட்டி ஏமாற்றும். ரோஜா நிறத்தில் திப்பித்திப்பியாகப் படிவு விழுந்தால், வெறும் தண்ணீரிலேயே நிக்கல் வருகிறது, மழை பெய்யும்போதெல்லாம் குளத்திலிருந்து அது போய்க்கொண்டும் இருக்கிறது என்று அர்த்தம். அந்த பி.எச்., படிவு விழுந்ததா இல்லையா, சிட்ரேட் பெராக்சைடில் கிடைத்த சல்பைடு நிக்கல், சோதனை முடிவில் மிஞ்சிய அமிலம், இந்த நான்கையும் எழுதுங்கள். மிச்சத்தை அப்போது பேசலாம்.